அடுக்குமாடிக் குடியிருப்பில் கண்காணிப்புக் கேமரா: முதல் கூட்டம் முதல் பழைய ஹார்ட் டிஸ்க் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

இருபது முதல் அறுபது வீடுகள் கொண்ட குடியிருப்பில் பொது இடங்களுக்குக் கேமரா பொருத்த நினைக்கும் சங்க நிர்வாகிகளுக்காக இதை எழுதுகிறேன். சென்னையில் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளராக இருந்தபோது இந்த வேலையை முதலில் தவறான வரிசையில் செய்து, பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுச் சரியான வரிசையில் செய்தோம். அதன் பின் அக்கம்பக்கத்தில் மூன்று சங்கங்களுக்கு உடனிருந்து உதவியிருக்கிறேன். நான்கு இடங்களிலும் தொடக்கம் ஒன்றாகவே இருந்தது: முதல் கூட்டத்துக்கே யாராவது ஒருவர் கொட்டேஷனோடு வந்துவிடுவார். கொட்டேஷன் வாங்குவது ஆறாவது படி. அதற்கு முன்னால் உள்ள ஐந்து வேலைகளை விட்டுவிட்டால், திருடன் பிடிபடுகிறானோ இல்லையோ, ஒரே மாடியில் வசிப்பவர்களுக்கு இடையே இருக்கும் நம்பிக்கை நிச்சயமாகக் கெடும்.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை இவை: ஒவ்வொரு தளத்தின் வரைபடம், கடந்த இரண்டு ஆண்டுகளில் நடந்த சம்பவங்களின் பட்டியல், வாடகைக்கு இருப்போர் உட்பட அனைவரின் பெயர்ப் பட்டியல், தைக்கப்பட்ட ஒரு பதிவேடு, குறைந்தது ஒரு மாத அவகாசம். திருட்டு நடந்த மறுநாள் கூடும் கூட்டத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். அன்றைக்கு இருக்கும் பயத்தில் எல்லா மூலைக்கும் ஒரு கேமரா வேண்டும் என்று தோன்றும்.

1. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

‘பாதுகாப்புக்காக’ என்று எழுதினால் அது நோக்கம் ஆகாது. எந்த இடத்தில் எந்த நிகழ்வைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். பின்னால் ஒவ்வொரு கேமராவையும் இந்த வாக்கியத்தோடு வைத்துத்தான் ‘இது தேவையா’ என்று கேட்கப் போகிறோம். வாக்கியம் பொத்தாம்பொதுவாக இருந்தால் எல்லாக் கேமராவும் தேவை என்றே விடை வரும்.

இங்கேதான் சம்பவப் பட்டியல் உதவுகிறது. எங்கள் பட்டியலில் இரண்டு மிதிவண்டித் திருட்டு, ஒரு பெட்ரோல் திருட்டு, பார்க்கிங்கில் ஒரு காரில் விழுந்த கீறல், மொட்டை மாடி வரை ஏறிப்போன ஒரு வெளியாள் ஆகியவை இருந்தன. வீட்டு வாசல்களுக்கு முன்னால் உள்ள நடைவழியில் ஒரு சம்பவம்கூட இல்லை. ஆனால் முதல் முறை பொருத்திய பன்னிரண்டு கேமராக்களில் நான்கு நடைவழிகளில்தான் இருந்தன. இரண்டாம் முறை அந்த நான்கையும் நீக்கி, எட்டோடு நிறுத்திக்கொண்டோம்.

2. எது தெரியக் கூடாது என்பதை வரைபடத்தில் முதலில் குறியுங்கள்

வரைபடத்தோடு கட்டடம் முழுவதையும் நடந்து பாருங்கள். சிவப்புப் பேனாவால் குறிக்க வேண்டியவை: கதவு திறந்தால் வீட்டின் உள்ளே தெரியும் கோணங்கள், சன்னல்கள், பக்கத்து வீட்டு வராந்தா, மொட்டை மாடியில் துணி உலர்த்தும் கொடி, பணியாளர்களின் கழிப்பறை வாசல், வாட்ச்மேன் சாப்பிட்டுப் படுக்கும் அறை. பச்சைப் பேனா இதற்குப் பிறகுதான். தெரிய வேண்டிய இடங்களை முதலில் குறித்தால் கோணங்கள் மனதில் பதிந்துவிடும். பிறகு சிவப்பு இடங்களை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது.

இது வெறும் மரியாதைக்காகச் செய்வது என்று நினைத்துவிட வேண்டாம். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒருவரின் அந்தரங்க உறுப்புப் பகுதிகளை அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். ஒரே வீட்டில் சேர்ந்து குடியிருப்பவரின் சம்மதமின்றி வசிப்பிடத்துக்குள் கேமரா இயக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் கூறியதை உச்ச நீதிமன்றமும் மாற்றவில்லை. பொது நடைவழி வேறு, வீட்டின் உட்புறம் வேறு என்று வாதிடலாம். ஆனால் கதவு திறந்ததும் கூடம் தெரியும் கோணத்தில் கேமரா இருந்தால், அந்த வாதம் அவ்வளவு தூரம் நிற்காது.

சென்னைக் காவல்துறை ‘மூன்றாவது கண்’ திட்டத்தின் வழியாகத் தெருவைப் பார்க்கும் கேமராக்களைப் பொருத்தும்படி குடியிருப்போரை ஊக்குவித்தது. தெருவுக்கு ஒன்று வைப்பதானால் அது சாலையை மட்டும் பார்க்கட்டும். எதிர் வீட்டுத் திண்ணை அதில் விழ வேண்டியதில்லை.

3. படத்தில் விழப்போகும் எல்லாரிடமும் பேசுங்கள்

பொதுக்குழுவில் வாக்களிப்பவர்கள் வீட்டு உரிமையாளர்கள். படத்தில் அதிகம் விழப்போகிறவர்களோ வாடகைக்கு இருப்போர், வீட்டு வேலைக்கு வருபவர்கள், ஓட்டுநர்கள், வாட்ச்மேன். நாள் முழுவதும் கேமராவின் கீழே நாற்காலி போட்டு உட்காரப் போகிற வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்த வேலையைத் தொடங்குவது நியாயமில்லை.

எங்கள் குடியிருப்பில் நான்கு வீடுகளுக்கு வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் இதைச் சொன்னேன். பாத்திரம் துலக்கிய ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி அவர் கேட்டார்: “நான் வர்றது போறது பதிவாவுறதுல எனக்கு ஒண்ணும் இல்லக்கா. நாளைக்கு ஒரு பொருள் காணாமப் போச்சுன்னா, நான் எடுக்கலைன்னு காட்டுறதுக்கும் அதையே போட்டுப் பாப்பீங்களா?” நாங்கள் மூன்று கூட்டங்களில் பேசியும் எங்களில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. அடுத்த படியில் வரும் ஐந்தாவது விதி அவர் கேள்வியிலிருந்து வந்தது.

தனித்தனியாக, ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் ஒதுக்கிப் பேசுங்கள். கூட்டத்தில் எழுந்து மறுப்புச் சொல்லத் தயங்குகிறவர்கள், குறிப்பாகத் தனியாக வாடகைக்கு இருக்கும் பெண்கள், நேரில் கேட்டால் எந்தக் கேமரா எந்த நேரத்தில் தங்களை உறுத்தும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.

4. விதிகளை எழுதிப் பொதுக்குழுவில் நிறைவேற்றுங்கள்

வழிகாட்டியின் மற்றப் பகுதிகளை அவசரமாகப் படித்தாலும் இதை நிதானமாகப் படியுங்கள். முதல் முறை நாங்கள் விதிகளை எழுதவில்லை. நிர்வாகக் குழுவில் இருந்த ஏழு பேரின் கைபேசிகளிலும் கேமரா செயலி இருந்தது. ஒரு நாள் இரவுப் பணி முடிந்து விடியற்காலை மூன்று மணிக்கு நண்பரின் வண்டியில் வந்து இறங்கிய ஓர் இளம்பெண்ணின் பதினொரு நொடிக் காட்சியை, ‘இந்த நேரத்தில் இது யார்?’ என்ற ஒரு வரியோடு ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். யாரும் அவரைத் தவறாக எதுவும் எழுதவில்லை. இருந்தும் அந்தப் பெண் அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தார். சாவியைக் கொடுக்க வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கேமரா அன்று பழுதில்லாமல்தான் வேலை செய்தது. அதன் பதிவை யார், எதற்காகப் பார்க்கலாம் என்பதை நாங்கள் எழுதி வைக்காததுதான் பிழை.

இரண்டாம் முறை நாங்கள் நிறைவேற்றிய விதிகளைக் காரணத்தோடு தருகிறேன்.

முதல் விதி: பழைய பதிவை ஒருவர் மட்டும் தனியாகத் திறக்க முடியாது. கேமராக் காட்சிகளைச் சேமிக்கும் ரெக்கார்டரின் கடவுச்சொல்லில் முன்பாதி செயலாளரிடம், பின்பாதி நிர்வாகக் குழுவில் இல்லாத ஒரு குடியிருப்பாளரிடம் இருக்கும். பார்ப்பதற்கு இரண்டு பேர் வர வேண்டும் என்பதாலேயே, சும்மா ஆவலுக்காகப் பார்ப்பது நின்றுவிடும்.

இரண்டாவது: யாருடைய கைபேசியிலும் செயலி இருக்காது. நுழைவாயில் கேமராக்கள் இரண்டு மட்டும் வாட்ச்மேன் அறைத் திரையில் நேரடியாகத் தெரியும். அங்கே பின்னோக்கிப் பார்க்கும் வசதி கிடையாது.

மூன்றாவது: ஒவ்வொரு பார்வையும் பதிவேட்டில் ஏறும். தேதி, நேரம், கேட்டவர் பெயர், காரணம், எந்தக் கேமரா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, உடனிருந்த இருவரின் கையொப்பம். இந்தப் பதிவேட்டைக் குடியிருப்போர் யாரும் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் மேலும் ஒரு கண் இருக்கிறது என்பது தெரிந்த பிறகே எங்கள் குடியிருப்பில் முணுமுணுப்பு அடங்கியது.

நான்காவது: காட்சியோ அதிலிருந்து எடுத்த புகைப்படமோ எந்தக் குழுவிலும் பகிரப்படாது. திரையைக் கைபேசியில் படமெடுப்பதும் இதில் அடங்கும். இதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். ‘நான் காட்சியை நகல் எடுக்கவில்லையே, திரையைத்தானே எடுத்தேன்’ என்று சொல்பவர் ஒருவராவது இருப்பார்.

ஐந்தாவது: பணியாளரோ வாடகைக்கு இருப்பவரோ, தன்மீது எழுந்த புகாருக்குப் பதிலாகத் தான் இருக்கும் காட்சியைக் கேட்டால், உரிமையாளர் கேட்டால் எவ்வளவு விரைவாகக் காட்டுவோமோ அவ்வளவு விரைவாகக் காட்ட வேண்டும்.

ஆறாவது: ஒலிப்பதிவு கூடாது. மாடிப்படியில் இரண்டு பேர் பேசுவதைக் கேட்பதால் மிதிவண்டித் திருட்டைத் தடுக்க முடியாது.

ஏழாவது: 15 நாட்களுக்குப் பிறகு பதிவுகள் தாமாக அழிந்துவிட வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போன குடும்பம் திரும்பி வந்து திருட்டைக் கண்டுபிடிக்க அந்த அவகாசம் போதும். காவல் நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதைக் காட்டி, நாமும் நீண்ட காலம் வைத்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். அங்கே கேமரா அதிகாரம் உள்ளவர்களைக் கண்காணித்து, அடைத்து வைக்கப்பட்டவரைக் காக்கிறது. இங்கே அண்டை வீட்டார் அண்டை வீட்டாரைப் பார்க்கிறார்கள். நாட்கள் கூடக்கூட, பதிவில் சேர்வது குற்றங்களைவிட யார் எப்போது வருகிறார், யாரோடு வருகிறார் என்ற பழக்கவழக்கங்களே.

2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. நோக்கத்தைத் தெரிவிப்பது, நோக்கம் முடிந்ததும் தரவை அழிப்பது ஆகியவை அதன் அடிப்படைகள். மேற்சொன்ன விதிகள் இருக்கும் சங்கம் பிற்பாடு தடுமாற வேண்டியிருக்காது.

5. வாங்குவதற்கு முன் ஒரு கேமராவை இரவில் சோதியுங்கள்

பகலில் கடைக்காரர் காட்டும் படம் எப்போதும் நன்றாகவே இருக்கும். ஒரு மாதிரிக் கேமராவைக் கடனாக வாங்கி, ஏணியில் கட்டி, இரவு பத்து மணிக்கு நுழைவாயிலில் நடந்து பாருங்கள்.

முகத்தை அடையாளம் காண, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுமார் 250 பிக்சல் (படப்புள்ளி) வேண்டும் என்பது இந்தத் துறையில் வழங்கும் கணக்கு. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். ஆகவே முகம் தெரிய வேண்டிய இடத்தில் காட்சியின் அகலம் ஏழரை மீட்டரைத் தாண்டக் கூடாது. ஒரே கேமராவில் பார்க்கிங் முழுவதையும் அடக்க முயல்பவர்களுக்குக் கிடைப்பது, எந்த முகமும் தெரியாத ஆனால் எல்லாருடைய நடமாட்டமும் தெரிகிற படம். திருடனைக் காட்டாமல் அண்டை வீட்டாரை மட்டும் காட்டும் இந்த ஏற்பாடுதான் இருப்பதிலேயே மோசமானது.

உயரம் எட்டு முதல் பத்தடிக்குள் இருக்கட்டும். பதினைந்தடியில் வைத்தால் உச்சந்தலையும் தொப்பியும்தான் பதிவாகும். கிழக்கு நோக்கிய வாயிலில் காலை வெயில் நேராக விழும் கோணத்தைத் தவிருங்கள். வருகிறவர் முகம் கருப்பாகிவிடும்.

6. இப்போது கொட்டேஷன் கேளுங்கள்

வரைபடத்தையும் விதிகளையும் இணைத்துக் கொடுத்து, மூன்று பேரிடம் கேளுங்கள். வரைபடம் இல்லாமல் கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு எண்ணிக்கையைச் சொல்வார்கள். விலைகளை ஒப்பிடவே முடியாது.

ஹார்ட் டிஸ்க் அளவை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். காட்சியைச் சுருக்கிச் சேமிக்கும் எச்.265 முறையில் ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி ஆகும். எட்டுக் கேமராவுக்கு 173 ஜிபி. 2 டிபி ஹார்ட் டிஸ்க் பதினோரு நாட்களில் நிரம்பும், 4 டிபி இருபத்து மூன்று நாட்கள் வரை தாங்கும். எங்கள் 15 நாள் விதிக்கு 4 டிபி வாங்கி, பதினைந்தாம் நாளில் அழியும்படி ரெக்கார்டரில் அமைத்தோம். இடம் மீதி இருக்கிறதே என்று அந்த அமைப்பை மாற்றிவிடாதீர்கள். கண்காணிப்புக்கென்றே தயாராகும் ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். மேசைக் கணினிக்கானது இருபத்து நான்கு மணி நேரமும் எழுதிக்கொண்டிருக்கும் வேலைக்குத் தாங்காது.

இந்தியாவில் விற்கப்படும் கேமராக்கள் 2025 ஏப்ரல் முதல் மத்திய அரசின் பாதுகாப்புத் தேவைகளுக்கு ஏற்பச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கான பதிவுச் சான்றைக் கொட்டேஷனோடு கேளுங்கள்.

7. பொருத்தும் நாளில் உடனிருங்கள்

ரெக்கார்டரைப் பூட்டிய இரும்புப் பெட்டியில், யுபிஎஸ் இணைப்போடு வையுங்கள். வாட்ச்மேன் மேசைமேல் இருந்தால் திருட வருபவர் அதையே தூக்கிக்கொண்டு போவார். வெளியில் ஓடும் கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் சற்றுத் தாழ வளைந்து மேலேறட்டும். ஐப்பசி மழையில் நீர் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.

பொருத்துபவர் கிளம்பும் முன் கடவுச்சொற்கள் அனைத்தையும் மாற்றுங்கள். 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பெருமளவில் கைப்பற்றி, அவற்றைக் கொண்டே இணையத் தாக்குதல்கள் நடத்தியது. ரெக்கார்டரில் எத்தனை பயனர் கணக்குகள் உள்ளன என்பதையும் பாருங்கள். பராமரிப்புக்கு வசதியாக இருக்கட்டும் என்று பொருத்துபவர் தனக்கு ஒரு கணக்கை வைத்துக்கொள்வது நான் மூன்று இடங்களில் கண்ட வழக்கம். கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தக் கணக்கு நீக்கப்பட வேண்டும். கைபேசிச் செயலி இல்லை என்பதால் இணைய இணைப்பும் வேண்டாம்.

பிறகு மைக்கை அணைத்து, சிவப்புப் பேனாவால் குறித்த இடங்களைத் திரையில் மறைப்புக் கட்டத்தால் மூடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் இந்த வசதி உண்டு. பதிவிலேயே அந்தப் பகுதி கருப்பாகிவிடும். முடிந்ததும் அந்தந்த வீட்டாரை அழைத்துத் திரையைக் காட்டுங்கள். எங்கள் மூன்றாம் தளத்தில் வசிக்கும் ஒரு முதியவர், தன் வீட்டு வாசல் கருப்புக் கட்டத்துக்குள் இருப்பதைப் பார்த்த பிறகுதான் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றார். வாய்ப்பேச்சாக எத்தனை முறை சொல்லியும் அவருக்கு அதுவரை நம்பிக்கை வரவில்லை.

கடைசியாகக் கடிகாரம். இணையம் இல்லாத ரெக்கார்டரின் நேரம் மெல்ல மெல்ல விலகும். காரில் கீறல் விழுந்தபோது எங்கள் பழைய ரெக்கார்டர் 47 நிமிடம் பின்தங்கியிருந்ததால், நுழைவாயில் வருகைப் பதிவேட்டோடு காட்சி பொருந்தாமல், சம்பந்தமே இல்லாத ஓர் ஓட்டுநர்மீது சந்தேகம் விழுந்தது. மாதம் ஒருமுறை நேரத்தைச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதுங்கள்.

8. அறிவிப்புப் பலகை வையுங்கள்

நுழைவாயிலில், உள்ளே வருபவர் கேமராவுக்குள் விழும் முன் படிக்கும்படி, தமிழில் முதலில். கேமரா இருக்கிறது, எதற்காக, எத்தனை நாள் பதிவு இருக்கும், யாரைக் கேட்க வேண்டும் ஆகிய நான்கு தகவல்கள் போதும். செயலாளரின் பெயரை எழுதாமல் பொறுப்பை மட்டும் எழுதினால் ஆண்டுதோறும் பலகை மாற்ற வேண்டாம்.

9. முதல் கோரிக்கை வரும்போது

எழுத்தில் வாங்குங்கள். நேரத்தைக் குறுக்கச் சொல்லுங்கள். ‘நேற்று முழுவதும்’ என்றால் சம்பந்தமில்லாத நூறு பேரின் நாள் அதில் இருக்கும். இருவரும் சேர்ந்து அந்தப் பகுதியை மட்டும் பார்த்து, விடையை எழுதுங்கள்.

காவல்துறை கேட்டால் ஒத்துழையுங்கள். ஆனால் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவு, ஆவணத்தையோ பொருளையோ கேட்டு எழுத்தில் ஆணையிடும் அதிகாரத்தை நிலையப் பொறுப்பு அதிகாரிக்குத் தருகிறது. எழுத்தில் கேட்பதை எந்த அதிகாரியும் அவமதிப்பாக எடுத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. வழக்குக்கு அது அவர்களுக்கும் தேவை.

கேட்ட பகுதியை, 15 நாளில் அழிந்துவிடாதபடி, அன்றே நகலெடுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தரும்போது அந்தக் கருவிக்குப் பொறுப்பானவரும் வல்லுநரும் கையொப்பமிட்ட சான்றிதழ், கோப்பின் ஹாஷ் மதிப்போடு (கோப்பு மாற்றப்பட்டால் காட்டிக்கொடுக்கும் குறியீட்டோடு), இணைக்கப்பட வேண்டும். பொறுப்பானவர் யார் என்பது விதிகளில் முன்பே எழுதப்பட்டிருந்தால் அந்த நேரத்தில் ஆள் தேட வேண்டியதில்லை. கைபேசியால் திரையைப் படமெடுத்து அனுப்பும் வழக்கம் இங்கே சாட்சியத்தையும் பலவீனமாக்குகிறது.

10. ஆறு மாதத்துக்கு ஒருமுறை

பூச்சிகள் இரவில் அகச்சிவப்பு விளக்கை நாடி வரும், அவற்றைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணாடிமுன் கட்டிய ஒரு நூலாம்படை இரவுக் காட்சி முழுவதையும் வெண்புகையாக்கிவிடும். ஒட்டடைக் கம்பால் மாதம் ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள்.

பதிவேட்டை எடுத்து, எந்தக் கேமராவின் காட்சி ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை என்று பாருங்கள். இரண்டு சுற்றுகளில் தேவைப்படாததைக் கழற்றலாமா என்று பொதுக்குழுவில் கேளுங்கள். எங்கள் மாடிப்படிக் கேமரா அப்படித்தான் போனது. நிர்வாகக் குழு மாறும் நாளிலேயே கடவுச்சொல்லின் இரு பாதிகளும் மாற வேண்டும்.

ஹார்ட் டிஸ்க் பழுதானால் பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். இயங்காத ஹார்ட் டிஸ்க்கிலும் கடைசிப் பதினைந்து நாட்களின் காட்சிகள் இருக்கும்; மீட்கத் தெரிந்தவர் மீட்பார். இருவர் முன்னிலையில் வட்டுகள் ஊடுருவும்படி டிரில்லால் துளையிட்டு, தேதியையும் வரிசை எண்ணையும் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்ட பிறகு, மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படையுங்கள்.